பூனையைக் கூட்டிக்கொண்டு போகிறாள்

“பூனையைக் கூட்டிட்டுப் போறா, பெத்தவளை விட்டுட்டுப் போறா. என்ன பொண்ணு அண்ணி இவ?”

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த என் நாத்தனார் இதைச் சொன்னபோது, தென்னூர் வீட்டுக் கூடத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து பழைய நூல்புடவை ஒன்றை நான்காகக் கிழித்துக்கொண்டிருந்தேன். பூனைக்கூடைக்குள் விரிப்பதற்கு. வீட்டு வாசனை உள்ள துணி கூட இருந்தால் பூனை கொஞ்சம் குறைவாகப் பயப்படும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். நாத்தனார் கெட்டவள் இல்லை. என் கணவர் இறந்த பிறகு மாதம் தவறாமல் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறவள். அவள் சொன்னதில் என்மீதான அக்கறையும் இருந்தது. அதனாலேயே அந்த வார்த்தையைத் தள்ளிவிட முடியவில்லை. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தூரம் அதுவும் எங்களோடு காரில் வந்தது.

என் மகளுக்கு 32 வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. புனேயில் வேலை கிடைத்திருந்தது. அவளோடு மூன்று ஜீவன்கள். கருப்பி, பதினொரு வயது நாட்டு நாய், ஒரு கண்ணில் புரை. உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் ஒரு மழைநாளில் கிடைத்தவள். சீரகம், கடுகு என்று இரண்டு பூனைகள். உழவர் சந்தையில் காலிச் சாக்குகளுக்கு அடியிலிருந்து ஒரே நாளில் வீட்டுக்கு வந்த அக்கா தங்கைகள். ரயிலில் நாயைக் கூட்டிப்போக வேண்டுமானால் ஏசி முதல் வகுப்பில் கூபே முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில் அது தனியாக வர வேண்டும். பாதிப் பார்வையுள்ள கிழவியை இருட்டில் தனியாக அனுப்ப மாட்டேன் என்றாள் மகள். காரில் போவதென்று முடிவானது. ஓட்டுவது அவள். பின்னிருக்கையில் மிருகங்களோடு நான்.

வீடு தேடியது தனிக்கதை. தரகர்கள் கேட்ட முதல் கேள்வி, கூட யார் இருப்பார்கள் என்பது. நாய், பூனை என்ற பதில் அவர்களுக்குப் பதிலாகவே படவில்லை. குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் செல்லப்பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் தன் வீட்டைத் தர மாட்டேன் என்று சொல்லும் உரிமையாளருக்கு அது எட்டுவதில்லை. தனியாக வரும் பெண், அதிலும் நாயோடு வரும் பெண் என்றால், வீடு அன்றே இன்னொருவருக்குப் போய்விட்டிருக்கும்.

அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கும் இல்லை. நானும் மகளிடம் சொன்னேன்: “மூணையும் இங்கேயே விட்டுட்டுப் போ. நான் பார்த்துக்கறேன்.” உதவி போலத்தான் அது வெளியே வந்தது. உள்ளே வேறொன்று இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்ள முடிகிறது. கருப்பி என்னிடம் இருந்தால் மகள் மாதம் ஒருமுறையாவது வருவாள். அம்மாவைப் பார்க்க வராவிட்டாலும் நாயைப் பார்க்க வருவாள். வாயில்லா ஜீவன் ஒன்றை நான் பிணையாகக் கேட்டிருக்கிறேன்.

அவள் கோபப்படவில்லை. “நீ நல்லா பார்த்துப்பேம்மா, தெரியும். ஆனா இதுங்களைத் தூக்கிட்டு வந்தது நான்தானே” என்றாள்.

அந்த பதிலுக்கு முன்னால் என் வயது பெண் ஒருத்தி கூசித்தான் போவாள். நாங்கள் வேறு விதமாகப் பழக்கப்பட்டவர்கள். 1988இல் துறையூரிலிருந்து தென்னூருக்கு வாழ வந்தபோது என்னோடு பித்தளைப் பாத்திரங்கள் வந்தன, கட்டில் வந்தது, சீர்த்தட்டுகள் வந்தன. மணி வரவில்லை. மணி நான் எட்டாவது படிக்கும்போதிலிருந்து வளர்த்த நாய். அதைக் கூட்டிப்போகலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே தோன்றவில்லை. வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு ஊருக்குப் போனபோதுதான் மணி செத்துப்போய் நான்கு மாதமாகிவிட்டது தெரிந்தது. “இதையெல்லாம் லெட்டர்ல எழுதுவாங்களா?” என்றார் அம்மா. அழ நேரமில்லை, பிள்ளைத்தாய்ச்சி அழக்கூடாது. கல்யாணத்தில் கொடுத்த ஒவ்வொரு கரண்டிக்கும் கணக்கு எழுதியிருந்தார்கள். விட்டுவந்தவற்றுக்கு யாரிடமும் கணக்கில்லை.

மத்திய அரசின் 2020-21ஆம் ஆண்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பில், இடம்பெயர்ந்த பெண்களில் 86.8 சதவீதம் பேர் அதற்குச் சொன்ன காரணம் திருமணம். அதாவது இந்த நாட்டில் ஊர் மாறியவர்கள் என்று எண்ணினால் பெண்கள்தான் பெருங்கூட்டம். ஆனால் அதை இடமாற்றம் என்றே நாம் நினைப்பதில்லை. அதற்கு முகூர்த்தம் உண்டு, சீர் உண்டு, அழுகை உண்டு, மறுவீடு உண்டு. வேலைக்காகத் தனியே ஊர் மாறும் பெண்ணை வழியனுப்ப நம்மிடம் ஒரு சடங்கும் இல்லை. என்ன கொடுத்தனுப்புவது, யார் கூடப் போவது, எந்த வாசல்வரை போய்த் திரும்புவது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவள் நான். சங்க இலக்கியத்தில் வீட்டை விட்டுப் போகும் மகளையும் புலம்பும் தாயையும் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஐங்குறுநூற்றில் இதற்கென்றே பத்துப் பாட்டு உண்டு. மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து என்று பெயர். மகள் விட்டுச்சென்ற பாவையையும் கிளியையும் பார்த்துப் பார்த்து ஒரு தாய் அதில் கலங்குகிறாள். கலித்தொகையில் செவிலித்தாய் பாலை வழியில் மகளைத் தேடிப் போகிறாள். எதிரே வரும் அந்தணர்கள், பிறந்த இடத்துக்குப் பயன்படாத சந்தனத்தையும் முத்தையும் உதாரணம் காட்டி, திரும்பிப் போ என்கிறார்கள். எந்தப் பாட்டிலும் மகள் ஓர் ஆணோடுதான் போகிறாள். தாய் பின்னால் நிற்கிறாள், அல்லது பின்னால் ஓடுகிறாள். கிளி வீட்டிலேயே இருக்கிறது.

கூடவே போன பெற்றோர் என்றால் பெரியாழ்வார் நினைவுக்கு வருகிறார். ஆண்டாளைப் பல்லக்கில் ஏற்றி ஸ்ரீரங்கம் கூட்டிவந்தார் என்பது வைணவ மரபு. ஆனால் அவர் வந்ததும் மணமகனிடம் ஒப்படைக்கத்தான். ஒப்படைக்க யாரும் இல்லாத ஊருக்கு மகளோடு போகும் தாய்க்கு முன்மாதிரி தேடினேன்; கிடைக்கவில்லை. கிளியும் கூட வருகிறது என்றால் கேட்கவே வேண்டாம்.

மார்கழியில் ஒரு விடியற்காலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். ஸ்ரீரங்கத்தில் பகல்பத்து நடந்துகொண்டிருந்தது. காவிரிப் பாலத்தில் ஏறும்போதே இரண்டு பூனைகளும் கத்தத் தொடங்கின. முசிறி தாண்டும்வரை நிறுத்தவில்லை. அது பூனையின் வழக்கமான குரல் இல்லை. அடிவயிற்றிலிருந்து வரும் நீண்ட ஓலம். நாமக்கல், சேலம், தொப்பூர் மலைப்பாதை, கிருஷ்ணகிரி என்று போனோம். கூடைகளை என் மடிக்கு இருபுறமும் வைத்து மேலே துணி மூடியிருந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கருப்பியை இறக்கி, கொஞ்சமாகத் தண்ணீர் காட்டி, நடக்க வைத்தோம். கார்க் கதவைத் திறக்கும் முன் கூடைகள் பூட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. முதல் இரவு துமகூரு. விடுதிக்காரர் போனில் சம்மதித்துவிட்டு நேரில் பார்த்ததும் நாய்க்கு மட்டும் மறுத்தார். மகள் காரிலேயே கருப்பியோடு படுத்துக்கொண்டாள். அறையில் பூனைகளோடு இருந்த நான் இரவு முழுக்க ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வயதுப் பெண் நாய்க்காகக் காரில் தூங்குகிறாளே என்று ஒரு மனம். அவள் தூங்கும் இடத்தில் காவலுக்கு நான் இல்லையே என்று இன்னொரு மனம்.

மறுநாள் சித்ரதுர்காவின் காற்றாலைகளைத் தாண்டி, தாவணகெரே, ஹூப்ளி வழியாக இரவு பெலகாவி சேர்ந்தோம். திருச்சிக்காரிக்கு அங்கே குளிர் பல்லைத் தந்தியடிக்க வைத்தது. விஷயம் நடந்தது மூன்றாம் நாள் காலையில்.

கடுகு கட்டிலின் அடிப்பெட்டிக்குப் பின்னால் இருந்த இடுக்கில் புகுந்துகொண்டாள். எட்டு மணிக்குக் கிளம்பினால்தான் இருட்டும் முன் புனே போய் ஒரு அறையையாவது ஒழுங்கு செய்யலாம். மகள் கீழே காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் குப்புறப் படுத்துக் கையை நுழைத்து அவள் முன்னங்காலைப் பிடித்து இழுத்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறிவிட்டாள். பிறகு இன்னும் உள்ளே போய்விட்டாள். மகள் வந்து பார்த்தாள். முதலில் என் கையைச் சோப்புப் போட்டுக் குழாயடியில் வெகுநேரம் கழுவினாள். பிறகுதான் பேசினாள்.

“பயந்து கிடக்கறவளை இழுக்கக்கூடாதும்மா. வா, உட்காரு.”

தரையில் உட்கார்ந்தோம். புடவைத் துண்டு விரித்த கூடையை வாயைத் திறந்து இடுக்குக்கு எதிரே வைத்தாள். விளக்கை அணைத்தாள். ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். எழுந்து எதையாவது மடிக்கலாம் போலிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடுகு தானாக வந்தாள், கூடையை மோந்தாள், உள்ளே போய்ச் சுருண்டுகொண்டாள்.

அமெரிக்கத் தத்துவவாதி சாரா ரடிக் 1989இல் தாய்மையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தாய்மை என்பது ரத்தத்தில் ஊறிய உணர்ச்சி அல்ல, அது ஒரு வேலை, அந்த வேலைக்கென்று ஒரு சிந்தனை முறை உண்டு என்பது அவர் வாதம். பிள்ளை தாயிடம் கேட்பவை இரண்டு: உயிரைக் காப்பது, வளர விடுவது. சமூகம் கேட்பது ஒன்று: தான் ஏற்கும்படி பிள்ளையை ஆக்கித் தருவது. இவை ஒன்றோடொன்று மோதும்போது என்ன செய்வது என்று யோசிப்பதுதான் தாயின் அறச்சிக்கல். நம் வீடுகளில், குறிப்பாகப் பெண்பிள்ளைகள் விஷயத்தில், மூன்றாவது முதல் இரண்டையும் விழுங்கிவிடுகிறது. என் மகளைக் காப்பதாக நினைத்து நான் செய்தவற்றில் பாதி ஊர் வாய்க்குப் பயந்து செய்தவை. இருட்டும் முன் வீட்டுக்கு வா, சத்தமாகச் சிரிக்காதே, தனியாகப் போகாதே. இவையெல்லாம் இடுக்கில் கைவிட்டு இழுப்பதன் வேறு வடிவங்கள். இழுக்கும் கைக்குத் தான் அன்பு காட்டுகிறோம் என்றே தோன்றும். பிடிபட்ட காலுக்கு அது அப்படித் தெரியாது.

கோலாப்பூர், சதாரா தாண்டிப் புனே சேரும்போது இருட்டிவிட்டது. ஒரு அறையில் மட்டும் மணல் தட்டு, தண்ணீர், கூடைகள் வைத்துப் பூனைகளை விட்டுக் கதவைச் சாத்தினோம். முழு வீட்டையும் ஒரே நாளில் காட்டினால் மிரண்டுபோகும். கருப்பி சுவரோரமாக உரசியபடி அறை அறையாக நடந்து வீட்டை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். அப்போது மகளிடம் நாத்தனார் சொன்னதைச் சொன்னேன். மூன்று நாளாக வாயில் வைத்திருந்ததைத் துப்பியது போலிருந்தது.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “நான் கூப்பிட்டேனேம்மா. நீதானே வரலைன்னே?”

உண்மைதான். இந்தக் கட்டுரையில் இதுவரை அதை நான் சொல்லாமல் மறைத்ததுபோல, நாத்தனாரிடமும் மறைத்திருந்தேன். நீயும் வா என்று மகள் இரண்டு முறை கேட்டாள். நான்தான் மாட்டேன் என்றேன். எனக்குத் தென்னூர் வேண்டும். காலையில் உழவர் சந்தையில் பேரம் பேச வேண்டும். வாசல்படியில் உட்கார்ந்தால் மலைக்கோட்டை உச்சி தெரிகிற அந்தக் கோணம் வேண்டும். நாய்க்கு மனுஷர், பூனைக்கு வீடு என்று சொல்வார்கள். பெண்கள் எல்லோரும் நாயைப் போல இருக்க வேண்டும் என்றுதான் எங்களை வளர்த்தார்கள். ஆள் போகிற இடத்துக்குப் பின்னாலேயே போக வேண்டும், இடத்தின்மீது பாசம் வைக்கக் கூடாது. அறுபது வயதில் நான் பூனை என்று கண்டுபிடித்தேன். அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. மகள் விட்டுப் போய்விட்டாள் என்று ஊர் இரங்குவது, நான் இருக்கிறேன் என்று சொன்னேன் என்பதைவிட எனக்குச் சௌகரியமாக இருந்தது. அந்தச் சௌகரியத்துக்கு விலை கொடுத்தது மகளின் பெயர்.

விட்டுப்போவது வேறு, கைவிடுவது வேறு. தமிழில் இவை இரண்டு சொற்கள். நம் வாயில்தான் ஒன்றாகிவிடுகின்றன. சட்டத்துக்குக்கூட இந்த வேறுபாடு தெரிகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பசியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம், தன் பொறுப்பிலுள்ள முதியவரை எங்காவது விட்டுக் கைகழுவுவதைக் குற்றம் என்கிறது. அந்தச் சட்டத்தில் மகளுக்கும் மகனுக்கும் பொறுப்பு ஒன்றுதான். கல்யாணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987இலேயே சொல்லிவிட்டது. பராமரிப்பு என்றால் கூடவே குடியிரு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கருப்பிக்குக் கதவைத் திறக்கத் தெரியாது, மருந்து வாங்கத் தெரியாது, மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. அவளை விட்டுப்போனால் அது கைவிடுவதுதான். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, வீடு இருக்கிறது, மாட்டேன் என்று சொல்லும் வாய் இருக்கிறது.

நாத்தனாரின் மகன் பதினாறு ஆண்டுகளாக அமெரிக்காவில் இருக்கிறான். அவன் பெற்றவளை விட்டுப் போய்விட்டான் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. “பையன் ஸ்டேட்ஸ்ல செட்டில் ஆயிட்டான்” என்பார்கள். அவள் தனியாகத்தான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறாள். மகன் போனால் போனது; மகள் போனால் விட்டுப்போனது.

இங்கே நிறுத்தினால் கட்டுரை எனக்குச் சாதகமாக முடிந்துவிடும். இரண்டு விஷயங்கள் பாக்கி இருக்கின்றன. நான் தென்னூரில் தனியாக இருக்க முடிவது தினம் காலையில் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணால். எனக்குக் காய்ச்சல் என்றால் இரவில் தங்குபவளும் அவள்தான். அவளுடைய அம்மா மணப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் தங்குகிறார்கள் என்று நான் பல ஆண்டுகள் கேட்டதில்லை. என் மகளின் சுதந்திரமும் என் சுதந்திரமும் இன்னொரு மகளின் நேரத்தின்மீது உட்கார்ந்திருக்கின்றன. சம்பளத்தைக் கூட்டினேன், சம்பளத்தோடு மாதம் நான்கு நாள் விடுப்பு என்று வைத்தேன். கணக்கு அதனால் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, நானும் ஒருநாள் கருப்பி ஆவேன். கண் மங்கும், சுவரைப் பிடித்து நடப்பேன், மாட்டேன் என்று சொல்லும் வாயும் ஒருவேளை போய்விடும். அன்று இருப்பதா வருவதா என்பதை யார் முடிவு செய்வது?

புனேயில் அந்த இரவு பாய் விரித்து உட்கார்ந்து இதைப் பேசினோம். மகள் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினாள். தனக்கு ஏதாவது ஆனால் கருப்பியும் பூனைகளும் யாரிடம் போக வேண்டும், எந்த மருந்து எத்தனை வேளை என்று அதில் எழுதி வைத்திருந்தாள். முதல் பெயர் என்னுடையது. அதைப் பார்த்துவிட்டு நானும் ஒரு தாள் கேட்டேன். என்னால் சொல்ல முடிகிறவரை என்னைக் கேட்காமல் இடம் மாற்றக் கூடாது. சமையலறையில் அடுப்பை அணைக்க மூன்று முறை மறந்தால் நானே போன் செய்து சொல்வேன். புனேக்குக் கூட்டிவர வேண்டிய நாள் வந்தால் முதலில் ஒரு அறை, பிறகு மெல்ல மற்றவை. எனக்காக அவள் வேலையை விடக் கூடாது. பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்கு நியாயமான கூலி என் ஓய்வூதியத்திலிருந்து. கடைசியாக அவள் ஒன்று எழுதினாள்: பயந்திருக்கும்போது இழுக்க மாட்டேன். எழுதிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த கீறலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் பெங்களூரு வந்து, அங்கிருந்து இரவு ரயில் பிடித்து விடியும் முன் திருச்சியில் இறங்கினேன். வீட்டில் கருப்பியின் சங்கிலி ஆணியில் தொங்கியது. பழையதென்று விட்டுப்போயிருந்தாள். அதைப் பார்த்து அழுதேன். பாவையையும் கிளியையும் பார்த்து அழுத அந்தத் தாய் எனக்கு அப்போது அந்நியமாகத் தோன்றவில்லை. நாமே முடிவு செய்த பிரிவும் பிரிவுதான்.

தை மாதம் நாத்தனார் வந்தாள். காபி போட்டுக் கொடுத்தேன். மகள் கூப்பிட்டாள் என்பதையும் நான்தான் போகவில்லை என்பதையும் சொன்னேன். காகிதத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். அடுப்பு என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தாள். போன வாரம் பால் பொங்கிக் கருகியதை மகனிடம் சொல்லவில்லை என்றாள்.

பிறகு கேட்டாள்: “அண்ணி, இதே மாதிரி எனக்கு ஒண்ணு எழுதித் தர்றீங்களா? அவன்கிட்ட எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை.”

தாளையும் பேனாவையும் எடுத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.